கோபுரம் சரியட்டும்... குழந்தை கத்துக்கட்டும்!

பில்டிங் பிளாக்ஸ் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறது உங்கள் வீட்டு வாண்டு. ஆறு கட்டை அடுக்கியாச்சு. ஏழாவதை வைத்ததும் மொத்தமும் சரிய, 'ஓ'வென்று அழுகை. "இங்க கொடு, நான் கட்டித் தர்றேன்" என்று நீங்கள் புகுந்தால் கோபுரம் நின்றுவிடும். ஆனால், குழந்தை கத்துக்க இருந்த பாடம் போயிடும்!

விரலுக்கு வேலை

குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க, டாக்டர்கள் கட்டைகளை அடுக்கச் சொல்வதைக் கவனிச்சிருக்கீங்களா? ஒன்றரை வயதில் மூன்று, இரண்டு வயதில் ஆறு, மூன்று வயதில் ஒன்பது கட்டைகள் என்பது தோராயமான கணக்கு. கட்டையை நேராக வைத்து, அசையாமல் கையை எடுக்க வேண்டும். பின்னாளில் பென்சில் பிடிக்கப்போவதும், சட்டை பட்டன் போடப்போவதும் இதே விரல்கள்தான்.

கணக்கும் வந்துடும்

பெரிய கட்டை கீழே இருந்தால்தான் கோபுரம் நிற்கும், இரண்டு சின்னக் கட்டை சேர்ந்தால் ஒரு பெரிய கட்டை... இதையெல்லாம் யாரும் சொல்லித்தராமலே கை கண்டுபிடிக்கும். 'கிண்டர்கார்டன்' முறையை உருவாக்கிய ஜெர்மனியின் ஃப்ரோபெல், 19-ம் நூற்றாண்டிலேயே மரக்கட்டைகளைப் பாடமாக்கினார். சிறுவயதில் அந்தக் கட்டைகளோடு விளையாடியவர்தான், பிற்காலத்தில் புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்.

இன்னொன்று... எட்டுப் புள்ளிகள் கொண்ட, ஒரே நிற லெகோ கட்டைகள் ஆறை மட்டும் 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் இணைக்கலாம். அதனால், 'இப்படித்தான் கட்டணும்'னு சொல்லாதீங்க!

நீங்க என்ன செய்யணும்?

* சரிந்ததும் உடனே கை வைக்காதீங்க. மனசுக்குள் பத்து எண்ணுங்க. பிறகு, "ஏன் விழுந்துச்சு?"னு கேளுங்க. யோசிக்கட்டும்.

* 'மேல', 'கீழ', 'பக்கத்துல' எனப் பேசிக்கிட்டே விளையாடுங்க. சொற்கள் தானாகச் சேரும்.

* இன்னொரு குழந்தையோடு சேர்ந்து கட்டவிடுங்க. பங்கு போடுவதும் விட்டுக்கொடுப்பதும் அங்கேதான் பழகும்.

* மூன்று வயதுக்குள் என்றால், வாயில் போட்டு விழுங்க முடியாத பெரிய துண்டுகள் மட்டுமே கொடுங்க.

* விலை உயர்ந்த செட் கட்டாயமில்லை. காலி அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் டப்பா, கொட்டாங்குச்சி போதும்.

* அந்த அரை மணி நேரம் உங்க போன் வேற ரூம்ல இருக்கட்டும். ஏழாவது கட்டை நின்றதும் குழந்தை முதலில் திரும்பிப் பார்ப்பது உங்க முகத்தைத்தான்!