குதிரைக்கு இருமல் வந்த வருஷம்

எங்க ஊர்ப் பக்கம் குதிரைன்னா அய்யனார் கோயில் வாசலில் நிற்கிற மண்குதிரைதான். நிஜக் குதிரையை நான் பார்த்தது கல்யாண ஊர்வலத்திலும், ஊட்டியில் சவாரிக்கு நிறுத்தியிருந்த இடத்திலும் மட்டும்தான். ஆனா மாடு வச்சிருக்கிறவனுக்குக் குதிரைக்காரன் கவலை புரியாமல் போகாது. 2013ல் நம்ம மாநிலத்தில் கோமாரி வந்தப்போ, விடிஞ்சதும் எழுந்து முதல் வேலையா கட்டுத்தறிக்குப் போய் மாட்டு வாயில் எச்சில் ஒழுகுதான்னு பார்த்தவங்கள்ல நானும் ஒருத்தன். பக்கத்து ஊரில் ஒரு மாடு நொண்டுதுன்னு சேதி வந்தாலே அன்னிக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. அந்தப் பயம் ஒரு கண்டம் முழுக்க, எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் வந்த கதை ஒண்ணு இருக்கு. நம்ம ஆட்கள் அதிகம் பேசாத கதை. அதைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன்.

1872 செப்டம்பர் கடைசி. கனடாவில் டொராண்டோ நகரத்துக்கு வெளியே யார்க், ஸ்கார்பரோ, மார்க்கம்னு விவசாயப் பகுதிகள். அங்கே பண்ணைக் குதிரைகளுக்கு வறட்டு இருமல் வந்தது. கூடவே காய்ச்சல், மூக்கில் சளி, தீவனத்தில் வாய் வைக்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பது. அக்டோபர் முதல் வாரத்துக்குள் டொராண்டோ லாயங்களில் எல்லாம் இருமல் சத்தம். அந்த மாசம் முடியறதுக்குள் எல்லை தாண்டி அமெரிக்காவில் நியூயார்க், பாஸ்டன் வரைக்கும் வந்துவிட்டது. வருஷம் முடிவதற்குள் தெற்கே கியூபா. அடுத்த வருஷ வசந்த காலத்தில் மேற்கே பசிபிக் கடற்கரை. வடக்கு அமெரிக்காவில் பாதிக்கப்படாத லாயத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

குதிரைக்குச் சளி பிடிச்சா ஊருக்கென்னன்னு நகரத்தில் இருக்கிறவங்களுக்குத் தோணும். அப்போ அமெரிக்காவில் ரயில் நல்லாவே ஓடிக்கிட்டிருந்தது. 1869லேயே கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதையால் இணைச்சுட்டாங்க. ஆனா ரயில் இறக்கின மூட்டையை ஸ்டேஷனிலிருந்து கடைக்குக் கொண்டு போனது குதிரை. கப்பல் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்ததும் குதிரை. பால், ரொட்டி, ஐஸ், அடுப்புக்கரி, குப்பை, கடைசியில் பிணவண்டி வரைக்கும் அதுதான் இழுத்தது. தெருவில் ஓடின ட்ராமும் குதிரை ட்ராம். நீங்க இருக்கிற ஊரில் லாரி, பஸ், ஆட்டோ, பைக் எல்லாத்துக்கும் ஒரே வாரத்தில் ஸ்டார்ட் ஆகாத வியாதி வந்தா எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. துறைமுகத்தில் சரக்கு மலையாகக் குவிஞ்சு கிடக்க, நாலு தெரு தள்ளி இருந்த கடையில் பொருள் இல்லை.

இத்தனைக்கும் செத்த குதிரை ரொம்ப அதிகம் இல்லை. பல இடங்களில் நூத்துக்கு ஒண்ணு ரெண்டு, மோசமான சில இடங்களில் பத்து வரைக்கும். மீதி எல்லாம் பத்துப் பதினஞ்சு நாளில் எழுந்து நின்றுவிட்டன. வியாதியை மட்டும் பார்த்தால் இதைப் பெரிய கொள்ளைநோய்னே சொல்ல முடியாது. வண்டிக்காரனைச் சிக்கலில் மாட்டினது அந்தப் பத்துப் பதினஞ்சு நாள்தான்.

அப்போ கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லா என்கிற கால்நடை மருத்துவப் பேராசிரியர் இருந்தார். இந்த நோயைப் பற்றி அரசாங்கத்துக்கு நீண்ட அறிக்கை எழுதினவர் அவர். அவரும் மற்ற வைத்தியர்களும் சொன்னது ஒரே வார்த்தை: ஓய்வு. வேலை வாங்காதே, காத்தோட்டமான லாயத்தில் கட்டு, போர்வை போர்த்து, தவிட்டுக் கஞ்சி மாதிரி மெத்தென்ற தீவனம் கொடு. அப்படிப் பார்த்துக்கிட்ட குதிரை பிழைச்சது. இருமல் கொஞ்சம் குறைஞ்சதுமே சேணம் பூட்டி வேலைக்கு ஓட்டின குதிரைக்கு நோய் நெஞ்சுக்குள் இறங்கியது, சிலதுக்கு காலும் வயிறும் வீங்கியது. செத்ததில் பெரும்பங்கு அந்த மாதிரி குதிரைகள்தான்.

ஓய்வு கொடுன்னு சொல்றது சுலபம். நூத்துக்கணக்கில் குதிரை வச்சிருந்த ட்ராம் கம்பெனிக்கு ரெண்டு வாரம் வண்டி நின்றால் அது கணக்குப் புத்தகத்தில் ஒரு நஷ்டம். ஒரே ஒரு குதிரையும் கடன் வாங்கின வண்டியும் வச்சிருந்தவனுக்கு அப்படி இல்லை. வேலைக்கு ஓட்டினா குதிரை போயிடும். ஓட்டாட்டி வீட்டில் சாப்பாடு இல்லை. குதிரை போனா அடுத்த குதிரை வாங்கக் காசு எங்கே இருக்கு? எந்த வைத்தியரும் இதுக்கு மருந்து எழுதலை. ஏர்மாடு ஒரு ஜோடி மட்டும் வச்சிருந்த குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். விதைப்புச் சமயத்தில் ஒரு மாடு படுத்தால் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டாங்க.

மருந்து விற்கிறவங்களுக்குத்தான் நல்ல காலம். பத்திரிகைகளில் ஆளாளுக்கு ஒரு கைமருந்து எழுதினாங்க. லாயத்தில் தாரைக் கொளுத்திப் புகை போட்டாங்க. இருமுகிற குதிரைக்கு மூக்கடியில் புகை! நம்ம ஊரில் கோமாரி புண்ணுக்கு ஊரில் உள்ள எல்லாத்தையும் தடவிப் பார்க்கிற மாதிரிதான். பயந்தவன் கையில் எது கிடைச்சாலும் மருந்து.

நியூயார்க்கில் ஹென்றி பெர்க் என்று ஒருத்தர். 1866ல் பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தை ஆரம்பிச்சவர். நோய்க் குதிரை பூட்டின ட்ராம் வண்டிகளை நடுத்தெருவில் மறிச்சு நிறுத்தினார். பயணிகள் திட்டினாங்க, கம்பெனிக்காரங்க கோபப்பட்டாங்க. அவர் செஞ்சது சரிதான். வாயில்லாத ஜீவனுக்காகப் பேச ஒரு ஆள் வேணும். ஆனா தெருவில் நின்னு மறிக்கிறவர் வீட்டு அடுப்பு அந்தக் குதிரையை நம்பி எரியலை. இதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

வேற வழியில்லாமல் மனுஷங்களே வண்டி இழுத்தாங்க. கைவண்டி, தள்ளுவண்டிக்கெல்லாம் மவுசு வந்தது. அப்புறம் காளைகள் வந்தன! இந்த நோய் மாட்டைத் தொடலை. கிராமத்து விவசாயிகள் ஏர்க்காளைகளை நகரத்துக்கு ஓட்டிக்கிட்டு வந்து வாடகைக்கு விட்டாங்க. பெரிய பெரிய கடைத்தெருக்களில் நுகத்தடி பூட்டின காளைகள் ஆடி அசைஞ்சு போனதைப் பட்டணத்துக்காரங்க வேடிக்கை பார்த்தாங்க. இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் பெருமை. என்ன இருந்தாலும் மாடு மாடுதான்.

இனி பாஸ்டன் தீ. 1872 நவம்பர் 9, சனிக்கிழமை ராத்திரி. கடைவீதியில் ஒரு கட்டடத்தில் பிடிச்ச தீ மறுநாள் வரைக்கும் எரிஞ்சு, 65 ஏக்கர் பரப்பில் 776 கட்டடங்களை அழிச்சது. தீயணைப்பு எஞ்சின்களை இழுக்கிற குதிரைகள் எல்லாம் லாயத்தில் இருமிக்கிட்டிருந்தன. ஆட்களே கயிறு கட்டி இழுத்துக்கிட்டு ஓடினாங்க. அதனால் 'குதிரைக் காய்ச்சல்தான் பாஸ்டனை எரிச்சது'ன்னு இன்னிக்கும் எழுதறாங்க. பின்னாடி நடந்த விசாரணையில் வெளிவந்தது வேற. தீயணைப்புத் தலைவர் ஜான் டாம்ரெல் குதிரை படுத்ததுமே, வண்டி இழுக்கன்னு கூடுதலாக ஆட்களைச் சேர்த்து வச்சிருந்தார். தாமதம் ஆனது சில நிமிஷங்கள்தான். குறுகலான தண்ணீர்க் குழாய், உயரமான கட்டடங்களின் உச்சியில் மரக்கூரை, இதையெல்லாம் சரி பண்ணச் சொல்லி அவர் முன்னமே கேட்டும் நடக்கலை. பழி குதிரை மேல் விழுந்தது. எல்லா ஊரிலும் அப்படித்தானே, வாயில்லாதது மேல் பழி போடறது சுலபம். 1873ல் அமெரிக்காவில் வங்கிகள் திவாலானதுக்கும் இந்த நோய்தான் காரணம்னு சிலர் சொல்றாங்க. அதையும் நான் நம்பலை. அளவுக்கு மீறி ரயில் பாதையில் காசைக் கொட்டினது வங்கிக்காரங்க, குதிரை இல்லை.

நோய் எப்படிப் பரவுச்சுன்னு அப்போ பெரிய சண்டை. கிருமியைப் பற்றி எல்லாரும் ஒத்துக்காத காலம். காத்து கெட்டுப் போச்சு, பருவம் மாறிப் போச்சுன்னு படிச்சவங்களே பேசினாங்க. நியூயார்க் டாக்டர் ஜட்சன் ஒரு வேலை பண்ணினார். எந்த ஊருக்கு எந்தத் தேதியில் நோய் வந்ததுன்னு சேகரிச்சு வரிசையாக வச்சுப் பார்த்தார். ரயில் பாதை பக்கத்தில் இருந்த ஊர்களுக்கு முதலில், தள்ளி இருந்த ஊர்களுக்குப் பிறகு. காத்து அப்படித் தண்டவாளம் பார்த்துப் போகாது. குதிரையை ஏத்தி அனுப்பினவங்கதான் நோயையும் சேர்த்து அனுப்பியிருக்காங்க. படிச்சதும் எனக்கு எங்க வாரச்சந்தைதான் கண்ணில் வந்தது. திங்கட்கிழமை சந்தையில் கை மாறின மாடு எந்த ஊருக்குப் போச்சோ, அடுத்த வாரம் அந்த ஊரில் கோமாரி.

அந்த நோய் இன்ஃப்ளூயன்ஸா, அதாவது குதிரை ஃப்ளூதான்னு இப்போ ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கறாங்க. அந்த வைரஸைப் பிரிச்செடுத்தது ரொம்பப் பின்னாடி: 1956ல் பிராக் நகரில் ஒரு வகை, 1963ல் அமெரிக்காவில் மயாமியில் இன்னொரு வகை. இப்போ தடுப்பூசி இருக்கு.

அதுக்காகப் பயம் போயிடலை. 2007 ஆகஸ்ட் வரைக்கும் இந்த நோயே காணாத நாடு ஆஸ்திரேலியா. வெளிநாட்டிலிருந்து வந்த குதிரைகளைத் தனிமைப்படுத்தி வச்ச நிலையத்திலிருந்து அது வெளியே வந்தது. ஆட்களின் கையிலோ துணியிலோ சாமானிலோ ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்னு விசாரணை சொன்னது. நாடு முழுக்க எந்தக் குதிரையும் இருக்கிற இடத்தை விட்டு நகரக்கூடாதுன்னு உத்தரவு. வார்விக் என்கிற ஊருக்குப் போட்டிக்கு வந்தவங்க குதிரையோடு வாரக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கிட்டாங்க. சுமார் பத்தாயிரம் பண்ணைகளில் நோய். ஆனா அந்த வருஷம் டிசம்பரோடு ஒழிச்சுக் கட்டினாங்க. தண்டவாளம் கண்டுபிடிச்சுக் கொடுத்த பாடம் அங்கே வேலை செஞ்சது.

நம்ம நாட்டில் 1987ல் ஒரு தடவை, மறுபடி 2008ல். ரெண்டாவது தடவை முதலில் தெரிஞ்சது ஜம்மு பக்கம் கட்ராவில். வைஷ்ணவதேவி கோயிலுக்கு யாத்ரீகர்களை மலையேத்துகிற குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இருக்கிற ஊர் அது. பந்தயக் குதிரைக்குத் தனி வைத்தியர், தனி லாயம், இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு. மலையில் ஆள் சுமக்கிற மட்டக்குதிரைக்குச் சொந்தக்காரர் மட்டும்தான் உண்டு.

இந்த நோயில் மருத்துவர்கள் சொல்கிற கணக்கு ஒண்ணு இருக்கு. காய்ச்சல் எத்தனை நாள் அடிச்சுதோ, அத்தனை வாரம் வேலை வாங்கக்கூடாது. மூணு நாள் காய்ச்சல்னா மூணு வாரம். அஞ்சு நாள்னா அஞ்சு வாரம். மெரினாவில் சவாரி விடுகிறவருக்கோ, கட்ராவில் ஒரே ஒரு கோவேறு கழுதை வச்சிருக்கிறவருக்கோ அந்த அஞ்சு வாரத்துக்குக் கொள்ளும் புல்லும் வாங்க யார் காசு கொடுப்பாங்க?