வாட்டர்டவுன் படைக்கலச் சாலையும் நிறுத்துக் கடிகாரமும் (1911–1915)

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகருக்கு அருகே அமைந்திருந்த வாட்டர்டவுன் அரசுப் படைக்கலச் சாலையில், 1911 ஆகஸ்ட் மாதம் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினர். ஒரு வாரத்தில் முடிந்த இந்த வேலைநிறுத்தம் பொது நிர்வாக வரலாற்றிலும் நிறுவன நடத்தை பற்றிய ஆய்வுகளிலும் நிலையான இடம் பெற்றுள்ளது. பிரெடெரிக் வின்ஸ்லோ டெய்லர் உருவாக்கிய "அறிவியல் மேலாண்மை" முறை ஓர் அரசு நிறுவனத்தில் நடைமுறைக்கு வந்தபோது என்ன நேர்ந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. கூலி குறைக்கப்படாத, மேலும் சம்பாதிக்க வழி காட்டப்பட்ட தொழிலாளர்கள் ஏன் எதிர்த்தனர் என்பதே இதன் மையக் கேள்வி.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அரசு நிர்வாகம் ஒரு துறையாக வடிவம் பெறத் தொடங்கியது. கட்சி ஆதரவாளர்களுக்கு அரசுப் பதவிகளைப் பகிர்ந்தளிக்கும் வழக்கத்தை மாற்ற, 1883இல் பெண்டில்டன் சட்டம் தகுதித் தேர்வு முறையைக் கொண்டுவந்தது. 1887இல் உட்ரோ வில்சன் எழுதிய "நிர்வாகம் பற்றிய ஆய்வு" என்னும் கட்டுரை, அரசியல் வேறு, நிர்வாகம் வேறு என்று பிரித்துக் காட்டியது. அரசுப் பணியைக் குறைந்த செலவில், திறமையாகச் செய்வது எப்படி என்பதைத் தனியே ஆராய வேண்டும் என்பது அவரது வாதம்.

அதே காலத்தில் தனியார் ஆலைகளில் டெய்லர் (1856–1915) வேறொரு வழியில் திறமையைத் தேடிக்கொண்டிருந்தார். பிலடெல்பியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்த அவர், தொழிற்பயிற்சியாளராகத் தொடங்கி, 1878இல் மிட்வேல் எஃகு ஆலையில் சேர்ந்து தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்கள் என்பதை அவர் அங்கே கண்டார். அதற்கான காரணத்தையும் அவர் அறிந்திருந்தார். வேகமாகச் செய்தால் முதலாளி துண்டு வேலைக்கான கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார் என்ற அச்சமே அது.

டெய்லர் முறையின் கூறுகள்

ஒரு வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளப்பது, தேவையற்ற அசைவுகளை நீக்கி ஒரே சிறந்த முறையை வகுப்பது, அந்த நேரத்துக்குள் முடிப்பவருக்குக் கூடுதல் ஊதியம் தருவது ஆகியவை டெய்லர் முறையின் அடிப்படைகள். வேலையைத் திட்டமிடுவது மேலாண்மையின் பொறுப்பு, செய்வது தொழிலாளியின் பொறுப்பு என்ற பிரிவினையும் இதில் அடங்கும்.

இதற்கு அவர் தந்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1899இல் பெத்லகேம் எஃகு ஆலையில் நடந்தது. நாளொன்றுக்கு சராசரியாக 12.5 டன் இரும்புக் கட்டிகளைச் சுமந்தவர்கள் 47.5 டன் சுமக்க முடியும் என்று அவர் கணக்கிட்டார். அந்த அளவை எட்டியவருக்கு நாள் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. உற்பத்தி ஏறத்தாழ நான்கு மடங்கானபோது கூலி சுமார் 60 விழுக்காடு மட்டுமே கூடியது. இந்த இடைவெளி பின்னாளில் விமர்சகர்களின் முக்கியச் சான்றாயிற்று.

1910இல் ரயில்வே கட்டண உயர்வுக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸ், அறிவியல் மேலாண்மையைக் கையாண்டால் கட்டணத்தை உயர்த்தத் தேவையில்லை என்று வாதிட்டார். அதுவரை பொறியாளர் வட்டத்துக்குள் இருந்த இச்சொல் அதன்பின் நாடெங்கும் பரவியது. 1911இல் "அறிவியல் மேலாண்மையின் கோட்பாடுகள்" நூல் வெளிவந்தது.

அரசு ஆலைக்குள் புதிய முறை

வாட்டர்டவுன் படைக்கலச் சாலை 1816இல் நிறுவப்பட்டது. கடலோரப் பீரங்கிகளைத் தாங்கும் வண்டிகள் உள்ளிட்ட ராணுவக் கருவிகள் இங்கே செய்யப்பட்டன. ராணுவப் படைக்கலத் துறையின் தலைவர் ஜெனரல் வில்லியம் குரோசியர், அரசு ஆலைகளின் செலவு தனியார் ஆலைகளோடு ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். டெய்லரோடு கலந்துபேசிய அவர், வாட்டர்டவுனைச் சோதனைக் களமாகத் தேர்ந்தெடுத்தார்.

டெய்லரின் நெருங்கிய உதவியாளர் கார்ல் பார்த் 1909இல் பணியைத் தொடங்கினார். முதலில் இயந்திரப் பட்டறை சீரமைக்கப்பட்டது. கருவிகள் ஒரே இடத்தில் முறைப்படுத்தப்பட்டன. வேலைகளை ஒதுக்கத் திட்டப் பிரிவு அமைந்தது. இயந்திரங்களின் வேகம் கணக்கிடப்பட்டது. இவை பெரும்பாலும் நிர்வாகச் சீர்திருத்தங்களே. நேர அளவீடும் ஊக்க ஊதியமும் அதன் பின்னரே வந்தன. இதற்கிடையில் இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்ட் படைக்கலச் சாலையில் இயந்திரத் தொழிலாளர்களும் அவர்களது சங்கமும் இம்முறையை எதிர்க்கத் தொடங்கியிருந்தனர்.

1911 ஆகஸ்ட் வேலைநிறுத்தம்

வார்ப்படப் பிரிவில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே எந்தச் சீரமைப்பும் நடைபெறவில்லை. தொழிலாளர்களிடம் எதுவும் விளக்கப்படவும் இல்லை. இந்த நிலையில் ஆகஸ்ட் 10ஆம் நாள் டுவைட் மெரிக் என்பவர் நிறுத்துக் கடிகாரத்தோடு வந்து ஒரு தொழிலாளியின் வேலையை அளக்கத் தொடங்கினார். மண்ணில் அச்சு அமைத்து உருக்கிய உலோகத்தை வார்ப்பது நீண்ட காலப் பயிற்சியால் வரும் கைத்திறன். மெரிக் அத்தொழிலைச் செய்து பழகியவர் அல்லர். ஒரு வார்ப்பு அச்சுக்கு 24 நிமிடம் போதும் என்று அவர் முடிவு செய்தார். தொழிலாளர்கள் தாமே எடுத்த கணக்கில் அதே வேலைக்கு 50 நிமிடம் ஆனது. கடிகாரம் காட்டிய எண் அவர்களது தொழிலறிவோடு பொருந்தவில்லை.

அன்று மாலை தொழிலாளர்கள் கூடி, நேர அளவீட்டை நிறுத்துமாறு படைக்கலச் சாலையின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் வீலருக்கு மனு எழுதினர். நேர்மையாக உழைத்துவந்த தங்களை இது அவமதிப்பதாக அவர்கள் கருதினர். மறுநாள் ஜோசப் கூனி என்ற தொழிலாளி தன்னை அளக்க அனுமதிக்க மறுத்தார். அவர் பணிநீக்கம் செய்யப்பட்டதும் வார்ப்படத் தொழிலாளர்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறினர். விசாரணை நடைபெறும் என்ற நம்பிக்கையில் ஒரு வாரத்தில் அவர்கள் வேலைக்குத் திரும்பினர்.

செய்தியறிந்த டெய்லர், தொழிலாளர்களின் ஒப்புதலைப் பெறுவதற்கு முன் நேர அளவீட்டைத் தொடங்கியது தவறு என்று குரோசியருக்கு எழுதினார். அவர் பார்வையில் பிழை அவசரத்தில் இருந்தது, முறையில் இல்லை.

நாடாளுமன்ற விசாரணை

இது தனியார் ஆலையாக இருந்திருந்தால் செய்தி உள்ளூரோடு முடிந்திருக்கலாம். அரசு ஆலை என்பதால் தொழிலாளர்களின் குரல் மக்கள் பிரதிநிதிகளை எட்டியது. பிரதிநிதிகள் அவை மூவர் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் வில்லியம் பி. வில்சன் சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பொறுப்பாளராக இருந்தவர். வில்லியம் ரெட்ஃபீல்ட், ஜான் டில்சன் ஆகியோர் மற்ற உறுப்பினர்கள்.

1912 ஜனவரியில் டெய்லர் நான்கு நாட்கள் சாட்சியம் அளித்தார். கடிகாரமோ ஊக்க ஊதியமோ அறிவியல் மேலாண்மை ஆகாது என்றும், முதலாளியும் தொழிலாளியும் லாபத்தைப் பங்கிடுவதில் சண்டையிடாமல் அதைப் பெருக்குவதில் ஒன்றுபடும் மனமாற்றமே அதன் சாரம் என்றும் அவர் விளக்கினார். "முதல்தரத் தொழிலாளி" அல்லாதவரின் கதி என்ன என்று வில்சன் விடாமல் கேட்டார். டெய்லர் குதிரைகளையும் பாடும் பறவைகளையும் உவமை காட்டியபோது, பேச்சு மனிதர்களைப் பற்றியது என்று வில்சன் நினைவூட்டினார். ஒரு தொழிலாளியைப் பொருத்தமற்றவர் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே இந்த உரையாடலின் உள்ளடக்கம்.

குழு தன் அறிக்கையில் உடனடிச் சட்டம் எதையும் பரிந்துரைக்கவில்லை. வாட்டர்டவுனில் ஊக்க ஊதிய முறை தொடர்ந்தது. தொழிற்சங்கங்களும் தொடர்ந்து வலியுறுத்திவந்தன. 1915 மார்ச் தொடக்கத்தில் ராணுவ நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. ஒதுக்கப்படும் பணத்தில் எந்தப் பகுதியையும் நிறுத்துக் கடிகாரத்தால் தொழிலாளரை அளப்பதற்கோ ஊக்க ஊதியத்துக்கோ செலவிடக் கூடாது என்பது அதன் பொருள். அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர், நிர்வாகத்தை அரசியலிலிருந்து பிரிக்கச் சொன்ன அதே உட்ரோ வில்சன். அதே மாதம் 21ஆம் நாள் டெய்லர் காலமானார். இத்தகைய நிபந்தனைகள் 1949 வரை நீடித்தன.

நிறுவன நடத்தைக் கோட்பாடுகளில் எதிரொலி

வாட்டர்டவுன் எழுப்பிய கேள்விகளுக்கு அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் பல வழிகளில் விடை தேடினர்.

மேரி பார்க்கர் ஃபாலட் 1920களில், ஆணை என்பது ஒருவர் மற்றவர்மீது செலுத்தும் அதிகாரமாக இல்லாமல், இருவரும் சேர்ந்து சூழ்நிலையை ஆராய்ந்து கண்டறிவதாக இருக்க வேண்டும் என்றார். வாட்டர்டவுன் வார்ப்படப் பிரிவில் விடுபட்டது இந்தக் கூட்டு ஆய்வே.

சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை ஆய்வுகள் நடைபெற்றன. அவற்றுள் இறுதியாக 14 ஆண் தொழிலாளர்களைக் கொண்ட ஓர் அறையில் நடந்த ஆய்வு, ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை "நியாயம்" என்பதைக் குழுவே வகுத்துக்கொள்வதைக் காட்டியது. மீறி வேகமாகச் செய்பவரைச் சக தொழிலாளர்கள் கேலி செய்து அடக்கினர். டெய்லர் மிட்வேலில் கண்டதும் இதுவே. அவர் அதை நீக்க வேண்டிய தடையாகக் கண்டார். எல்டன் மேயோவும் அவரைப் பின்பற்றியோரும் அதை முறைசாராக் குழு என்னும் சமூக அமைப்பாக ஆராய்ந்தனர்.

1947இல் "நிர்வாக நடத்தை" நூலை வெளியிட்ட ஹெர்பர்ட் சைமன், ஒரே சிறந்த முறை என்ற நம்பிக்கையையே கேள்விக்குட்படுத்தினார். முடிவெடுப்பவரின் அறிவும் கவனமும் வரையறைக்கு உட்பட்டவை. ஆகவே நிர்வாகி போதுமான தீர்வையே தேடுகிறார் என்பது அவர் கருத்து.

மதிப்பீடு

1960இல் ஹியூ ஐட்கன் இந்நிகழ்வைப் பற்றித் தனி நூல் எழுதினார். புதிய மேலாண்மை முறை என்பது கருவிகளின் மாற்றம் மட்டுமன்று. யார் எதை அறிவார், யார் யாருக்குக் கட்டளையிடுவார் என்ற உறவுகளின் மாற்றமும் ஆகும் என்பதை அவரது ஆய்வு உணர்த்துகிறது.

டெய்லர் முறையை முற்றிலும் தோல்வி என்று கூற இயலாது. கருவிக் கிடங்கு, திட்டப் பிரிவு, செலவுக் கணக்கு ஆகியவற்றில் அது கொண்டுவந்த ஒழுங்கு வாட்டர்டவுனில் பயன் தந்தது. எதிர்ப்பு எழுந்த இடம் வேறு. தம் தொழிலைத் தாமே அறிந்தவர்களைக் கேளாமல், அத்தொழிலை அறியாதவர் அளவுகோல் வகுத்தபோதுதான் வேலை நின்றது. கணினி வழியே பணியாளரின் ஒவ்வொரு நிமிடமும் பதிவாகும் இக்காலத்தில், அளவிடுவதற்கு முன் அளக்கப்படுபவரின் ஒப்புதல் வேண்டுமா என்ற 1911ஆம் ஆண்டின் கேள்வி அரசு அலுவலகங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் மீண்டும் எழுந்துள்ளது.