பேரரசு பிரிந்தபோது எல்லையைத் தீர்மானித்தோர் யார்? மலையகத் தொழிலாளர் பிரசாவுரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாடு தான் அங்கம் வகித்த பெரிய அரசியல் அமைப்பொன்றிலிருந்து பிரிந்து செல்லும்போது எழும் எல்லைப் பிரச்சினைகளைத் தீர்க்கும் பொறுப்பு யாருடையது? விலகிச்செல்லும் நாட்டினுடையதா, பின்தங்கி நிற்கும் அமைப்பினுடையதா, அன்றி எல்லைக்கோடு எவருடைய வாழ்வை ஊடறுத்துச் செல்கின்றதோ அந்த மக்களினுடையதா? இவ்வினா பெரும்பாலும் வரைபடம், நதி, மலைத்தொடர், சுங்கச்சாவடி ஆகியவற்றோடு தொடர்புடையதாகவே கருதப்படுகின்றது. ஆயின், எல்லை நிலத்தின்மீது மட்டும் வரையப்படுவதன்று, மனிதர்மீதும் வரையப்படுகின்றது. பிரித்தானியப் பேரரசிலிருந்து இந்தியாவும் இலங்கையும் பிரிந்தபோது நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் நிகழ்ந்தது இதுவே. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

இலங்கையும் தமிழ்நாடும் ஒரே நிருவாகத்தின்கீழ் இருந்த ஒரு குறுகிய காலம் உண்டு. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றப்பட்ட கரையோர மாகாணங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியால் சென்னையிலிருந்து ஆளப்பட்டன. 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. இந்த முதற் பிரிவினை ஆட்சியாளரின் கோப்புகளில் நிகழ்ந்த மாற்றமேயன்றி, இரு கரைகளிலும் வாழ்ந்த மக்களைப் பிரிக்கும் நோக்குடையதன்று. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்ததன் பின்னர் மலைநாடு முதலாளித்துவ விவசாயத்திற்குத் திறந்துவிடப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உறுதியில்லாத நிலங்களை அரசுடைமையாக்கித் தோட்டக்காரருக்கு விற்க வழிசெய்தது. நிலம் கண்டிய விவசாயியிடமிருந்து பெறப்பட்டது. உழைப்பு தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து பெறப்பட்டது. முதலில் கோப்பி, 1869இன் பின்னர் இலைநோய் அதனை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகாலத் தொழிலாளர் போதுமாயிருந்தனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிப்போரை வேண்டிநின்றது. எனவே தொழிலாளர் குடும்பங்களாக லயங்களில் நிலைகொண்டனர்.

மனங்கொள்ளத்தக்க செய்தி யாதெனில், இவர்கள் கடந்துவந்த பாக்குநீரிணை அன்று எவ்வகையிலும் அந்நிய எல்லையாகக் கருதப்படவில்லை என்பதாகும். ஒரே பேரரசின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு அவர்கள் கொண்டுவரப்பட்டனர். கங்காணி முறையும், 1921இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறையும் அவர்களைக் கடனாலும் சட்டத்தாலும் தோட்டத்தோடு பிணைத்தன. மூலதனத்துக்கு எல்லை தடையாக இல்லாதிருந்த காலத்தில் உழைப்புக்கும் எல்லை இருக்கவில்லை.

2

எல்லை முதன்முதலாகத் தோன்றியது கடலிலன்று, வாக்காளர் இடாப்பிலேயாகும். 1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கிற்று. ஆயினும் இந்திய வம்சாவளித் தொழிலாளர் நிரந்தர வதிவை நிறுவுதல் போன்ற மேலதிக நிபந்தனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். 1939இல் இந்திய அரசாங்கம் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. அதே ஆண்டில் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோற்றம் பெற்றது. 1940, 1941ஆம் ஆண்டுகளில் இரு அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடிப் பேசினர். முடிவான தீர்வு எட்டப்படவில்லை.

பேரரசு வெளியேறும் வேளையில் யாது செய்தது? சோல்பரி ஆணைக்குழு வாக்குரிமை, குடிவரவு ஆகிய விடயங்களை இலங்கை அரசாங்கத்தின் தீர்மானத்துக்கு விட்டது. 1947 நவம்பரில் பிரித்தானியாவுக்கும் இலங்கைக்கும் இடையே மூன்று உடன்படிக்கைகள் கைச்சாத்திடப்பட்டன. ஒன்று பாதுகாப்புப் பற்றியது. மற்றொன்று வெளிவிவகாரம் பற்றியது. மூன்றாவது அரசாங்க உத்தியோகத்தர் பற்றியது. இம்மூன்றாவது உடன்படிக்கை சேவையிலிருந்த பிரித்தானிய உத்தியோகத்தரின் ஓய்வூதியத்திற்கு உத்தரவாதமளித்தது. பேரரசின் தேவைக்காகக் கடல்கடந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் பிரசாவுரிமைக்கு அத்தகைய உடன்படிக்கை எதுவும் செய்யப்படவில்லை. தன் உத்தியோகத்தரின் முதுமையை நினைவிற்கொண்ட பேரரசு, தன் செல்வத்தை ஆக்கியவரின் எதிர்காலத்தை நினைவிற்கொள்ளவில்லை.

சிறுபான்மையினருக்கு எதிராகப் பாரபட்சமான சட்டம் இயற்றுவதைத் தடைசெய்த 29ஆம் பிரிவு அரசியலமைப்பில் இருந்தது உண்மையே. எனினும் 1953இல், கோடாகன்பிள்ளை வழக்கில், இலண்டன் பிரிவுக்கவுன்சில் பிரசாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் அப்பிரிவை மீறவில்லை எனத் தீர்ப்பளித்தது. தன் குடிகள் யாவர் என நிர்ணயிப்பது அரசொன்றின் இயல்பான அதிகாரம் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. பேரரசு இருமுறை இப்பொறுப்பைத் தட்டிக்கழித்தது எனலாம்: முதலில் ஆணைக்குழு மூலமும், பின்னர் நீதிமன்றம் மூலமும்.

3

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் எஸ். தொண்டமானும் தலவாக்கலைத் தொகுதியில் சி. வி. வேலுப்பிள்ளையும் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் வெற்றிபெற்றனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணைபுரிந்தன. பறிக்கப்பட்ட வாக்குரிமையின் வர்க்கப் பொருளை இங்கேயே காணல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகியன அடுத்தடுத்து நிறைவேறின. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. ஏறத்தாழ 134,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. பிறப்புப் பதிவோ வதிவுச் சான்றோ இல்லை என்பதே மறுப்புக்குப் பெரிதும் காரணமாயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை.

பெருந்தோட்ட முதலாளித்துவம் தொழிலாளியை வேண்டிற்று, வாக்காளனை வேண்டவில்லை. கண்டிய விவசாயியின் நிலமின்மை உண்மையானது. அதனை மறுப்பது வரலாற்று நேர்மையாகாது. ஆயின், அந்நிலத்தைக் கைப்பற்றியவர் பிரித்தானியத் தோட்டக்காரரேயன்றி, லயத்து அறையைத் தவிர வேறெதுவுமில்லாத தொழிலாளியல்லர். ஒடுக்கப்பட்ட இரு பிரிவினரையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துவது சுதேச ஆளும் வர்க்கத்திற்கு இலகுவாயிற்று. இதில் தமிழ் உயர்வர்க்கமும் குற்றமற்றதன்று. ஜி. ஜி. பொன்னம்பலம் 1948இல் அரசாங்கத்தில் இணைந்தார்; இப்பிரச்சினையில் முரண்பட்டுப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகமும் பிறரும் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர்.

4

அடுத்த கட்டம் இரு அரசுகளுக்கிடையிலான பேரமாகும். இலங்கையில் நிரந்தரமாக வதிவோர் இலங்கையின் பொறுப்பே என்பது நேருவின் நிலைப்பாடு. 1954ஆம் ஆண்டின் நேரு-கொத்தலாவல உடன்பாடு பயன்தரவில்லை. 1964 மே மாதத்தில் நேரு மறைந்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. நாடற்றோர் என மதிப்பிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசித் தீர்க்கப்படுவர் என்பது அதன் சாரம். தொழிற்சங்கம் எதுவும் அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பாக இருக்கவில்லை.

1974 சனவரியில் திருமதி பண்டாரநாயக்கவும் திருமதி இந்திரா காந்தியும் அந்த 150,000 பேரைத் தலைக்கு 75,000 ஆகச் சரிபாதியாகப் பகிர்ந்தனர். அதே ஆண்டு யூனில் பாக்குநீரிணையின் கடலெல்லை வரையறுக்கப்பட்டு, கச்சதீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. சில மாத இடைவெளியில் கடலும் மக்களும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டதை வரலாற்று மாணவன் கவனிக்கத் தவறலாகாது. கடல் தன் விருப்பத்தைக் கூறும் ஆற்றல் அற்றது. மக்களோ கூறினர், கேட்போர் இருக்கவில்லை. விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது இலங்கைப் பிரசாவுரிமையை நாடியோர் 300,000 என்ற ஒதுக்கீட்டைப் பெரிதும் விஞ்சினர். இந்தியக் குடியுரிமையை நாடியோர் 525,000ஐ எட்டவில்லை. இதுவே அம்மக்கள் தம்மளவில் நடத்திய குடியொப்பம் எனக் கொள்ளத்தகும்.

நாடு திரும்பியோர் எல்லாரும் பலவந்தமாக அனுப்பப்பட்டனர் என்று கூறுதல் மிகையாகும். ஆயின், 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் நிலவிய பட்டினியும், பின்னர் நிகழ்ந்த வன்செயல்களும் பலரின் ‘விருப்பத்தை’ உருவாக்கின. 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் காணிகளைப் பிரித்தெடுப்பதை எதிர்த்த போராட்டத்தின்போது டெவன் தோட்டத் தொழிலாளி சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். இத்தகைய சூழலில் எடுக்கப்படும் முடிவைச் சுதந்திரமான தெரிவு எனல் பொருந்தாது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியோருள் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். எல்லை மாறிற்று, தொழில் மாறவில்லை.

5

உலக வரலாறு இதற்கு மாறான வழிகளையும் காட்டுகின்றது. 1905இல் நோர்வே சுவீடனுடனான ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது நோர்வே மக்களிடம் குடியொப்பம் நடத்தப்பட்டது. எல்லைக் கோட்டைகள் பற்றிய பிணக்கு கார்ல்ஸ்டாட் நகரில் பேசித் தீர்க்கப்பட்டது. தேசிய சுயநிர்ணயம் பற்றி எழுதியபோது லெனின் இந்நிகழ்வை முன்னுதாரணமாகக் கொண்டமை அறியப்பட்டதே. 1998ஆம் ஆண்டின் பெல்பாஸ்ற் உடன்படிக்கை அயர்லாந்தின் இரு பகுதிகளிலும் மக்களின் வாக்குக்கு விடப்பட்டது. வட அயர்லாந்து மக்கள் பிரித்தானியராகவோ அயர்லாந்தினராகவோ இரண்டுமாகவோ விளங்கும் உரிமையை அது ஏற்றது. 2020இல் ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுமுன், இரு பக்கங்களிலும் வதியும் பிரசைகளின் உரிமை பேச்சுவார்த்தையின் முதற்கட்டத்திலேயே இடம்பெற்றது. எமது நாட்டில் நிகழ்ந்தது இதன் தலைகீழ்: முதலில் சுதந்திரம், பின்னர் பறிப்பு, அதன்பின்னர் பங்கீடு. 1937இல் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட பர்மாவிலும் இதே கதியே நேர்ந்தது. 1962இன் பின்னர் இந்திய வம்சாவளியினர் பெருந்தொகையாக வெளியேற நேரிட்டது.

மக்களே தீர்மானிக்க வேண்டும் எனின், அரசுகளுக்குப் பணியே இல்லையா எனச் சிலர் வினவக்கூடும். உண்டு. செலவைப் பகிர்தல், ஆவணம் வழங்குதல், திரும்ப விரும்புவோருக்கு நிலமும் தொழிலும் உறுதிசெய்தல் ஆகியன அரசுகளின் கடமைகள். எத்தனை பேர் யாருக்கு என்று எண்ணிக்கையை முன்கூட்டி நிர்ணயிப்பது அவற்றின் உரிமையன்று. வதிவும் உழைப்பும் உரிமையின் அடிப்படையாதல் வேண்டும். செல்வதா தங்குவதா என்ற தெரிவு தனிமனிதனின் கையில் இருத்தல் வேண்டும். பிரிந்துசெல்லும் நாளுக்கு முன்னரே இவ்வுரிமை எழுத்தில் அமைதல் வேண்டும்.

இக்கொள்கை வெறுங்கற்பனையன்று. 1986ஆம் ஆண்டு தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளர் பிரார்த்தனைப் போராட்டத்தில் ஈடுபட்டதன் பின்னரே அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. 1988இலும் 2003இலும் தொடர்ந்த சட்டங்கள் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமையை உறுதிசெய்தன. அரை நூற்றாண்டுக் காலம் பிரதமர்கள் பேசித் தீராத பிரச்சினை, ஒழுங்கமைந்த உழைப்பின் வலிமையாலும் வாக்கின் வலிமையாலும் தீர்வை நோக்கி நகர்ந்தது. எனினும் முற்றாகத் தீர்ந்ததென எண்ணுதல் தவறு. உள்நாட்டுப் போரின்போது தமிழ்நாட்டு முகாம்களை அடைந்த அகதிகளுள் மலையக வம்சாவளியினரும் உளர். 2019ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து சென்றோரை உள்ளடக்கவில்லை. மலையகத்திலும் பிரசாவுரிமை பெற்ற பலர் தாம் வாழும் லயத்து மண்ணுக்கு உறுதியற்றவராகவே உள்ளனர். நாட்டின் எல்லைக்குள் இடம்பெற்ற மக்கள், தோட்டத்தின் எல்லைக்குள் நிலம் பெறுவதே இவ்வரலாற்றின் அடுத்த கட்டமாகும். அதனையும் அவர்களே முன்னெடுத்தல் வேண்டும்.