லொறி பற்றரியில் பிறந்த போன்

2010 ஆகஸ்ட் 16. தம்புள்ளை மைதானம். வீரேந்தர் சேவாக் 99 ஓட்டங்களோடு நிற்கிறார்; இந்தியாவின் வெற்றிக்கும் ஒரே ஓட்டம்தான் தேவை. சுராஜ் ரந்தீவ் வீசிய பந்தைச் சேவாக் சிக்சருக்குத் தூக்கினார். ஆனால் அது நோ-போல். அதற்குரிய ஓட்டத்தோடேயே ஆட்டம் முடிந்துவிட்டதால் சிக்சர் கணக்கில் ஏறவில்லை, சதமும் இல்லை. வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி வீசினார் என்று ரந்தீவுக்கு ஒரு போட்டியில் தடை விழுந்தது. கிரிக்கெட் பார்ப்பவர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சுற்றின் பெயர் மட்டும் பலருக்கு மறந்துவிட்டது: மைக்ரோமெக்ஸ் கிண்ணம்.

தம்புள்ளையில் இரவைப் பகலாக்கிய மின்விளக்குகளின் கீழ் அந்தப் பெயர் மின்னிய அதே மாதம், ஏ9 வீதியால் வடக்கே வந்தால் வவுனியாவைத் தாண்டியதும் இருட்டு. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பிய சனம் தறப்பாளுக்குக் கீழே குப்பி விளக்கோடு இருந்தது. கைபேசிக் கோபுரங்கள் கறண்ட் கம்பிகளை முந்திக்கொண்டு வந்துவிட்டன. கையில் போன் உண்டு, வீட்டில் பிளக் இல்லை. ஜெனரேற்றர் ஓடும் கடையில் போனைக் கொடுத்துக் காசு கட்டிச் சார்ஜ் ஏற்றிய அந்தக் காலத்தை மீள்குடியேறிய எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. இந்த வாரக் கதையின் நாயகனான கொம்பனி தன் முதல் போனைச் செய்வித்தது இப்படியான ஆளுக்காகத்தான்.

மைக்ரோமெக்ஸ் இன்பர்மாடிக்ஸ் 2000-ஆம் ஆண்டில் டெல்லிப் பக்கத்தில் நான்கு நண்பர்கள் சேர்ந்து பதிவு செய்த நிறுவனம். ராகுல் சர்மா, ராஜேஷ் அகர்வால், விகாஸ் ஜெயின், சுமீத் அரோரா. முதலில் கணினி மென்பொருள் வேலை. பிறகு கம்பியில்லாமல் இயங்கும் காசுத் தொலைபேசிகளை ஊர் ஊராக விற்றார்கள். அந்த விற்பனைக்காக மேற்கு வங்காளத்தின் பஹரம்பூர்ப் பக்கம் போனபோது கண்ட காட்சியை ராகுல் சர்மா பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். மின்சாரமில்லாத கிராமம் ஒன்றில் ஒருவர் லொறி பற்றரியில் தொலைபேசிக் கடை நடத்துகிறார். இரவானால் அந்தப் பற்றரியைச் சைக்கிளில் கட்டி 12 கிலோமீற்றர் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருகிறார். கடையில் சனமோ குறையவில்லை.

கொம்பனிக்காரர் சொல்லும் பிறப்புக் கதைகளில் கொஞ்சம் மெருகு இருக்கத்தான் செய்யும். ஆனால் போன் பொய்யில்லை. 2008-இல் வந்த எக்ஸ்1ஐ சாதாரண பட்டன் போன். விலை இந்திய ரூபாவில் 2,249. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் பேசாமல் வைத்திருக்கும்போது 30 நாள் தாங்கும் என்றார்கள். அக்காலத்து நொக்கியா போன்களில் ஆயிரம் மில்லியம்பியர்-மணியை ஒட்டிய பற்றரி, இதிலோ 1,800. முதலில் இறக்கிய 10,000 போன்களும் பத்து நாளில் தீர்ந்தன என்பது அவர்கள் தந்த கணக்கு.

அடுத்தது இரட்டைச் சிம். ஒரு சிம்மில் அழைப்பு மலிவு, மற்றதில் இன்னொன்று மலிவு என்று சிம்மைக் கழற்றிக் கழற்றி மாட்டியவர்களுக்கு இரண்டு சிம் போன் பெரிய ஆறுதல். உலகச் சந்தையில் ராஜாவாக இருந்த நொக்கியா இதை நெடுநாள் பொருட்டாகவே எடுக்கவில்லை; அதன் இரட்டைச் சிம் போன்கள் வர 2010 ஆயிற்று. அந்த இடைவெளியில்தான் மைக்ரோமெக்ஸ் வளர்ந்தது. விற்பனை ஏறியதும் விளம்பரத்துக்கு நடிகர் நடிகையர், கிரிக்கெட், தம்புள்ளை. 2010 செப்டெம்பரில் பங்குச் சந்தைக்கு வர விண்ணப்பித்து, மறு ஆண்டில் விலகிக்கொண்டார்கள்.

இந்தப் போன்களை யார் செய்தார்கள்? இதைக் கேட்காமல் பிந்திய வீழ்ச்சி விளங்காது. தாய்வானின் மீடியாடெக் கொம்பனி, போனின் மூளையான சிப்பையும் அதற்கான மென்பொருளையும் வரைபடத்தையும் ஒரே பொதியாக விற்றது. அதை வாங்கிச் சீனாவின் ஷென்சென் நகரத் தொழிற்சாலைகள் சில மாதங்களில் புது மொடல் இறக்கின. பெயர் ஒட்டும் இடத்தை வெறுமையாக விட்டுத் தருவார்கள். மைக்ரோமெக்ஸ், கார்பன், லாவா என்ற இந்தியப் பெயர்கள் ஏறியது அங்கேதான். இலங்கை இறக்குமதியாளர் பெயர் வைத்து விற்ற இ-டெல், சிகோ போன்களும் இதே பாதையால் வந்தவையே. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தக் கிராமத்தில் என்ன குறை என்று அறிந்து சொல்வதும் ஒரு திறமைதான். ஆனால் அந்தத் திறமைக்குப் பூட்டுப் போட முடியாது.

உச்சம் வேகமாக வந்தது. 2012 கடைசியில் வந்த கன்வஸ் 2, ஐந்து அங்குலத் திரையைப் பத்தாயிரம் ரூபாவுக்குள் தந்தது. 2013-இல் ஹொலிவூட் நடிகர் ஹியூ ஜாக்மன் விளம்பரத்துக்கு வந்தார். 2014-இன் கடைசிக் காலாண்டில் இந்திய ஸ்மார்ட்போன் விற்பனையில் 22 வீதத்தோடு சாம்சங்கை முந்திவிட்டது என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. சாம்சங் மறுத்தது. யார் கணக்கு சரி என்பது இருக்கட்டும், கொரியப் பெருங்கொம்பனி பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு அந்த நான்கு பேரும் வந்திருந்தார்கள்.

அதே காலத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னியிலும் போனின் வேலை மாறியது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு உயரழுத்த மின்கம்பி 2012 அளவில் வந்து சேர்ந்தது; வீடு வீடாகக் கறண்ட் பரவத் தொடங்கியது. சார்ஜ் போட வழி வந்ததும் 30 நாள் பற்றரி யாருக்கு வேண்டும்? ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளையின் முகம் பார்க்க வேண்டும். அதற்குத் தேவை திரை, கமரா, டேட்டா. இந்தியக் கிராமங்களிலும் இதே மாற்றம்தான். குறையை அறிந்து வளர்ந்தவனுக்குக் குறை தீரும்போது தொழில் ஆட்டம் காணும்.

பெரிய அடி விழுந்த இடம் வேறு. மைக்ரோமெக்ஸுக்குப் போன் செய்து கொடுத்த சீனக் கொம்பனிகளில் ஜியோனி ஒன்று. 2013-இல் அது தன் சொந்தப் பெயரிலேயே இந்தியாவில் கடை விரித்தது. அடுத்த ஆண்டு இன்னொரு சீனக் கொம்பனியான ஷியோமி வந்தது: கடை வாடகை இல்லை, விநியோகத்தருக்குத் தரகு இல்லை, இணையத்தில் மட்டும் விற்பனை. 5,999 ரூபா ரெட்மி 1எஸ் போன்கள் 40,000 நாலு செக்கனில் முடிந்தன என்று பேசப்பட்டது. ஒப்போவும் விவோவும் எதிர்ப்பக்கத்தால் வந்தன. சின்ன நகரத்துக் கடைகளின் பெயர்ப்பலகையையே பச்சையும் நீலமுமாக்கி, கடைக்காரருக்கு அள்ளிக் கொடுத்தன. இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் மைக்ரோமெக்ஸ். போனை வடிவமைக்கும் பொறியியலாளர் படை அந்தச் சீனக் கொம்பனிகளிடம் இருந்தது. மைக்ரோமெக்ஸிடம் இருந்தது பெயரும் விநியோகமும்.

மைக்ரோமெக்ஸ் சும்மா இருக்கவில்லை. யூ என்ற கிளைப் பெயரைத் தொடங்கி, சயனோஜென் என்ற போன் மென்பொருளுக்கு இந்தியாவில் தனியுரிமை வாங்கியது. அந்த உரிமையைக் காட்டி டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதே மென்பொருளில் ஓடிய ஒன்பிளஸ் போன்களின் விற்பனைக்கு 2014 டிசெம்பரில் சில நாள் தடையும் பெற்றது. வழக்காடி வென்றதைச் சந்தையில் வெல்ல முடியவில்லை. சில ஆண்டுகளில் சயனோஜென்னே மூடப்பட்டது. அலிபாபாவின் முதலீடு வரும் வரும் என்று பேசி 2015-இல் கை நழுவியது. வெளியிலிருந்து வந்த தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள்.

2016 செப்டெம்பரில் ஜியோ வந்தது. அது 4ஜி மட்டும் தரும் வலையமைப்பு. அதில் பேசவும் அதற்கேற்ற போன் வேண்டும். 3ஜி போன்களைக் குவித்து வைத்திருந்த இந்தியக் கொம்பனிகள் திகைத்து நின்றன. நவம்பரில் 500, 1,000 ரூபாத் தாள்கள் செல்லாமல் போயின; காசு கொடுத்து மலிவுப் போன் வாங்கும் ஆள்தான் மைக்ரோமெக்ஸின் ஆள்.

2020-இல் எல்லையில் சீனாவோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பின் சீனப் பொருள் வேண்டாம் என்ற குரல் இந்தியாவில் எழ, நவம்பரில் "இன்" என்ற பெயரோடு மைக்ரோமெக்ஸ் மீண்டும் சந்தைக்கு வந்தது. சில மொடல்கள் வந்தன, பிறகு அதுவும் ஓய்ந்தது. ஜியோனி அதற்கு முன்பே, 2018-இல், ஷென்சென் நீதிமன்றத்தில் வங்குரோத்தாகிவிட்டது.

மைக்ரோமெக்ஸ் மூடப்படவில்லை. அதன் உற்பத்திக் கிளையான பகவதி புராடக்ட்ஸ் இப்போது இந்தியாவில் மற்றக் கொம்பனிகளுக்குப் போன் பூட்டிக் கொடுக்கிறது. வாடிக்கையாளர்களில் விவோவும் ஒன்று.

(தொடரும்)