நின்று எடுக்காத அளவு: உயர் இரத்த அழுத்தமும் முகுளத்தின் பங்கும், தருமபுரியை முன்வைத்து

உயர் இரத்த அழுத்தம் என்றதும் உப்பு, இதயம், சிறுநீரகம் மூன்றும் பேச்சில் வந்துவிடுகின்றன, மூளை வருவதில்லை. அதனால் வீடு தேடிச் செல்லும் மருத்துவத்தில் ஓர் எளிய அளவீடு விடுபடுகிறது என்பதே என் வாதம்.

பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் கடலைக்காட்டில் குத்தவைத்துக் களையெடுக்கும் அறுபது வயதுப் பெண் சட்டென்று எழுகிறார். அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனி பிரியும் இடத்திலும் பெருந்தமனி வளைவிலும் சுவரின் விறைப்பு தளர, அங்குள்ள உணர்முனைகளிலிருந்து மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போகும் நரம்புச் சைகைகள் குறைகின்றன. முகுளம் இதயத்தின் மீதான வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது; ஓரிரு துடிப்புக்குள் நாடி வேகமெடுக்கிறது. பரிவு நரம்புகளையும் முடுக்கிவிடுகிறது. அவற்றால் இரத்தக் குழாய்கள் சுருங்கச் சில விநாடிகள் ஆகும். இந்த அனிச்சைச் செயல் பிசகினால் கண் இருட்டிக்கொண்டு வரும், விழவும் நேரும்.

பெருந்தமனியிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பைத் தூண்டினால் அழுத்தம் இறங்குவதை லுட்விக்கும் சியோனும் 1866-இலேயே காட்டினர். நோயைப் புரிந்துகொள்ள அதைவிட முக்கியமானது, 1956-இல் மெக்கபின், கிரீன், பேஜ் மூவரும் நாய்களில் கண்டது. அழுத்தம் நெடுநாள் உயர்ந்தே இருந்தால் உணர்முனைகள் அந்த உயரத்தையே இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. எச்சரிக்கை எழுவதில்லை, நாடியும் இயல்பாகவே இருக்கிறது. நோயாளி 'எனக்கு ஒன்றுமில்லை' என்று உண்மையாகவே நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீண்டகால அழுத்தத்தில் மூளைக்குப் பங்கு உண்டு என்பதற்கு வலுவான மறுப்பு உண்டு. 1973-இல் கைட்டன் குழுவினர் நாய்களில் உணர்முனைகளிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்தபோது அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் பெரிதும் கூடியது; நாள் முழுவதற்குமான சராசரி சிறிதே மாறியது. ஆகவே நீண்டகால அழுத்தத்தைச் சிறுநீரகமே தீர்மானிக்கிறது என்றனர். இதை நான் பாதிதான் ஏற்கிறேன். சிறுநீரகத்துக்கும் பரிவு நரம்புகள் வழியே முகுளத்தின் ஆணை செல்கிறது. அந்த நரம்புகளைச் சிதைக்கும் சிகிச்சை 2014-இன் பெரிய சோதனையில் பலன் காட்டத் தவறினாலும், பிந்தைய சோதனைகளில் அழுத்தத்தை ஓரளவு குறைத்தது. 2023-இல் அமெரிக்க ஒப்புதலும் பெற்றது. கைட்டனின் முடிவை அப்படியே வைத்துக்கொண்டாலும், அந்த ஏற்ற இறக்கம்தான் முதியவரைக் கீழே தள்ளுகிறது.

வீடு தேடிச் செல்லும் தமிழ்நாடு அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த பகுதி அது. மாத்திரை வாசலுக்கே வருவது பெரும் பேறு. ஆனால் வழக்கமாக எடுப்பது உட்கார்ந்த நிலை அளவு; எழும்போது வரும் இறக்கத்தைக் காணப் படுத்தும் நின்றும் எடுக்க வேண்டும். புறநோயாளி வரிசையில் ஒருவரைப் படுக்கவைப்பது கடினம். வீட்டில் பாயோ கயிற்றுக் கட்டிலோ இருக்கிறது. ஐந்து நிமிடம் படுத்தபின் ஓர் அளவு, எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒவ்வோர் அளவு போதும். படுத்த நிலையைவிட மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் கவனிக்க வேண்டும்.

டிஜிட்டல் கருவி காட்டும் நாடி எண்ணையும் குறிக்க வேண்டும். மேல் அழுத்தம் 30 இறங்கியும் நாடி 15-கூட ஏறவில்லையென்றால் அனிச்சைச் செயலே பழுதாகியிருக்கலாம். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளிடம் இது காணப்படும். நாடி நன்கு ஏறினால், வெயிலில் உழைத்தவரின் நீரிழப்பை முதலில் சந்தேகிக்கலாம். அட்டெனோலால் போன்ற மருந்து எடுப்பவரிடம் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். நாடி ஏறுவதை அந்த மருந்தே தடுக்கிறது.

தலைசுற்றலுக்காக மாத்திரையை நிறுத்தச் சொல்வது தவறான முடிவு. கட்டுக்குள் வராத அழுத்தமே இந்த அனிச்சையை மேலும் மழுங்கடிக்கிறது. மருந்தின் வகையையோ அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்றலாம்; அந்த முடிவை எடுக்க அவருக்கு நின்ற நிலை எண்கள் கையில் இருக்க வேண்டும்.