சிலைட் பார்த்தவர்கள்: மலேரியா போன கதையில் விடுபட்ட ஆட்கள்

1934-35 மலேரியாக் கொள்ளைநோயைப் பற்றி நாங்கள் முதலில் படித்தது இடதுசாரி இயக்க வரலாற்றுக்குள்தான். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் குருநாகல், கேகாலைப் பக்கக் கிராமங்களுக்கு மருந்தும் மார்மைட்டும் கொண்டு போனார்கள். 1935 கடைசியில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானது. 1936 தேர்தலில் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் அரசாங்க சபைக்குப் போனார்கள். ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற ஒரு நோய், எங்கட பாடக்குறிப்பில் ஒரு கட்சி பிறந்த கதைக்குப் பின்திரையாக மட்டும் வந்து போகிறது.

பிறகு தேடி வாசிக்கும்போது வேறு ஆட்களும் வந்தார்கள். நுளம்பு பிடித்த ஆய்வாளர்கள், அறிக்கை எழுதிய ஆங்கிலேய வைத்தியர்கள், வீடு வீடாக டி.டி.ரி. அடித்தவர்கள். ஆனால் ஒரு சின்னக் கேள்விக்கு மட்டும் யாரும் பெரிதாகப் பதில் எழுதவில்லை. இந்த ஆளுக்கு வந்திருப்பது மலேரியாதான் என்று யார் சொன்னது? எதைப் பார்த்துச் சொன்னது?

ஆரம்பத்தில் கையால் தடவிப் பார்த்துத்தான் சொன்னார்கள். இலங்கையின் முதல் மலேரியாத் தடுப்பு நிலையம் 1911இல் குருநாகலில் வந்தது. 1920களில் எச்.எஃப். கார்ட்டர் பொறுப்பில் இருந்த காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் விட்டு, இடது விலாவுக்குக் கீழே அழுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கணக்கெடுத்தார்கள். மலிவான வேலை, கருவி ஒன்றும் தேவையில்லை. ஆனால் வீங்கிய மண்ணீரல் சொல்வது அந்தப் பிள்ளை முன்னர் பட்ட பாட்டை. இன்றைக்கு அதன் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. 1934இல் பருவமழை பொய்த்து, வழக்கமாக வேகமாக ஓடும் தெதுரு ஓயா, மகா ஓயா, களனி எல்லாம் குட்டை குட்டையாகத் தேங்கி நுளம்பு பெருகியபோது, நோய் வந்தது முன்னர் அவ்வளவாக மலேரியா காணாத ஈரவலயத்துக்கு. அங்கத்தைய பிள்ளைகளின் பழைய மண்ணீரல் கணக்கு எந்த எச்சரிக்கையும் கொடுத்திராது.

இரத்தத்தில் பார்ப்பதென்றால் அது வேறு வேலை. விரல் நுனியில் குத்தி, ஒரு கண்ணாடித் துண்டில் தடித்த பூச்சு ஒன்று, மெல்லிய பூச்சு ஒன்று போட வேண்டும். காயவிட்டு, கீம்சா சாயம் ஊற்றி, கழுவி, எண்ணெய்த் துளி விட்டு, நுணுக்குக்காட்டியில் ஆயிரம் மடங்கு பெருப்பித்துப் பார்க்க வேண்டும். தடித்த பூச்சு கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, மெல்லியது அது எந்த இனம் என்று பிரித்தறிய. விவக்ஸ் என்றால் ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பி வரும், அதற்குத் தனி மருந்து. ஃபல்சிப்பாரம் என்றால் மூளைக்கு ஏறி ஆளைக் கொல்லும். சாயம் கலக்கும் தண்ணீரின் அமிலத்தன்மை கொஞ்சம் மாறினாலே கிருமியின் நிறம் சரியாகத் தெரியாது. சாயத் தூசியைக் கிருமி என்று எண்ணிவிடுவது புதிதாகப் பழகுகிறவர்கள் வழக்கமாக விடும் பிழை.

இதில் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது ஒரு விசயம். கிருமி உள்ள சிலைட்டைச் சிலவேளை ஒரு நிமிடத்தில் முடிக்கலாம். இல்லாத சிலைட்டுக்குத்தான் நேரம் போகும். "இல்லை" என்று எழுதுவதற்கு முன் குறைந்தது நூறு பார்வைப் புலங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒரு சிலைட்டுக்கு ஆறு நிமிடம் என்று வைத்தால், ஐம்பது சிலைட்டுக்கு ஐந்து மணித்தியாலம். கண் வலிக்கும், கழுத்து வலிக்கும். ஐம்பதாவது சிலைட்டை முதலாவதைப் போலவே பார்த்தாரா என்பது பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது 1963க்கு வருவோம். டி.டி.ரி. அடிக்கத் தொடங்கிப் பதினெட்டு வருடத்துக்குள் முழு இலங்கைக்கும் அந்த வருடம் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். அதிலும் 11 பேர் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தவர்கள். வென்றாயிற்று என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள். மருந்தடிப்பு நின்ற பிறகு நாட்டுக்கு மிஞ்சிய ஒரே காவல், காய்ச்சல்காரரின் இரத்தத்தை எடுத்துப் பார்ப்பது. நோய் குறைந்த இடத்தில் அந்த வேலை வீண்செலவு மாதிரித் தெரியும். கண்காணிப்புத் தளர்ந்தது. எலஹெரப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டப் போனவர்கள், சேனைப் பயிர்செய்ய இடம் மாறியவர்கள் மத்தியில் கிருமி சுற்றத் தொடங்கியது. 1967 கடைசியில் வெடித்து, 1968இல் நான்கு இலட்சத்தைத் தாண்டி, 1969இல் 537,000க்கு மேல் போனது. பெரும்பாலும் விவக்ஸ்.

இந்தத் தோல்வியை விளக்குபவர்கள் அனேகமாக டி.டி.ரி.யை நிறுத்தியது சரியா பிழையா என்று வாதாடுவார்கள். பிறகு நுளம்பு மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற கதை வரும். இரண்டும் முக்கியம்தான். ஆனால் எங்கட வாசிப்பில், 17 என்ற அந்த எண்ணையே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எத்தனை சிலைட்டைப் பார்த்துக் கிடைத்த 17? எந்த ஊர்ச் சிலைட்டுகள்? காட்டுக்குள் கல் தோண்டுகிறவனின் விரலில் யார் போய்க் குத்தினார்கள்? பார்க்காத இடத்தில் நோயும் பதிவாகாது.

1987இல் ஆறே முக்கால் இலட்சத்துக்கு மேல். 1999இல் இரண்டரை இலட்சத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி வடக்கு கிழக்கில். போர்க்காலத்து ஆய்வுகூடங்களைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும். 1990இலிருந்து பல வருடம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். அப்படியான இடத்தில், சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடியால் திருப்பி விடுகிற பழைய நுணுக்குக்காட்டிதான் கைகொடுக்கும். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா அப்போது வன்னியில் இருந்தவர். அவரிடம் கேட்டபோது, "காய்ச்சல் எண்டால் முதல் விரலில குத்தித்தான் பாப்பினம், பிறகுதான் குளிசை" என்று மட்டும் சொன்னார். குத்தியவரின் பெயர் நினைவில்லை. மருந்தடிக்க வந்தவர்களை நல்ல நினைவாம், வீட்டுச் சாமானெல்லாம் வெளியில் எடுத்து வைக்கச் சொல்வார்களாம்.

2000க்குப் பிறகு எண்ணிக்கை வேகமாக இறங்கியது. மருந்தூட்டிய நுளம்பு வலை, நடமாடும் மலேரியா கிளினிக், உலகளாவிய நிதியத்தின் காசு, வேகப் பரிசோதனை அட்டை எல்லாம் சேர்ந்த வேலை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில். 2016 செப்டெம்பரில் கொழும்பில் நடந்த கூட்டத்தில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் தந்தது. அந்தக் காலத்திலும் மலேரியா தடை இயக்கம் வருடத்துக்குப் பத்து இலட்சம் அளவில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தது. கிடைத்தது நூறுக்கும் குறைவான நோயாளிகள், எல்லாரும் வெளியிலிருந்து கொண்டுவந்தவர்கள்.

இங்கேதான் சிக்கல். மலேரியா உள்ள நாட்டில் ஒரு ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் தினமும் கிருமியைக் காண்பார், கண் பழகும். இல்லாத நாட்டில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் வருடக்கணக்கில் ஒன்றையுமே காணாமல் இருக்கலாம். காணும் அந்த ஒருநாள் தவறவிடக் கூடாது. அதற்காகத்தான் மீள்பரிசோதனை. கிருமி உண்டு என்று சொன்ன எல்லாச் சிலைட்டும், இல்லை என்று சொன்னவற்றில் ஒரு பங்கும் இன்னொருவர் கண்ணுக்குப் போக வேண்டும். சேமித்து வைத்த பழைய சிலைட்டுகளைக் கொண்டு திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் திறன் மதிப்பீட்டில் முதல் நிலை எடுக்க, கிருமி உண்டா இல்லையா என்பதில் நூற்றுக்குத் தொண்ணூறாவது சரியாக இருக்க வேண்டும், இனம் பிரிப்பதிலும் அப்படியே. பல்கலைக்கழகப் பரீட்சையில் நாங்கள் நாற்பது எடுத்தால் தப்பிவிடுவோம்.

வேறு நாடுகள் இதை வேறு வழியால் வந்து சேர்ந்தன. எச்.ஐ.வி. சிகிச்சைக்கு ஆபிரிக்காவுக்குப் பெருமளவு காசும் மருந்தும் போன பிறகுதான், அதைக் கண்காணிக்க ஆய்வுகூடம் போதாது என்று தெரியவந்தது. 2008 ஜனவரியில் மபூட்டோவில் ஒரு பிரகடனம் வந்தது. அடுத்த வருடம் கிகாலியில், ஆய்வுகூடங்களுக்குச் சுழியத்திலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்துப் படிப்படியாக உயர்த்தும் முறையைத் தொடங்கினார்கள். எல்லாரையும் ஒரேயடியாகச் சர்வதேசத் தரத்துக்கு வரச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்ற நடைமுறை அறிவு அதில் இருக்கிறது.

எங்கட நாட்டில் 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் வெளிநாடு போவது செய்தியாகிறது. ஆய்வுகூடத்திலிருந்து போகிறவர்களைப் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை. 2016 கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபன்சை என்ற புது நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வளரும் நகரத்து நுளம்பு. 2018 டிசெம்பரில், இந்தியாவிலிருந்து வந்து மொனராகலை மாவட்டத்தில் வேலை செய்த ஒருவருக்கு மலேரியா இருந்தது. அவரிடமிருந்து நுளம்பு வழியாக ஒரு இலங்கையருக்கும் தொற்றியது. சான்றிதழ் கிடைத்த பிறகு நாட்டுக்குள் தொற்றிய முதல் ஆள் அவர். இரத்தத்தில் விவக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்களின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள், நுளம்புக்கு மருந்தடித்தார்கள். அதோடு அங்கே நின்றது. அந்தச் சம்பவத்தைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்துச் சிலைட்டுகளில் பெரும்பாலானவற்றில் யாரோ ஒருவர் நூறு புலங்களையும் பார்த்து முடித்துவிட்டு "இல்லை" என்று எழுதியிருப்பார்.