பழைய பள்ளிக் கணிப்பொறிக்கு உயிரூட்டுதல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் காயலான் கடைகளில், விசைப்பலகையும் உடலும் ஒன்றாய் அமைந்த தட்டையான வெளிர்மஞ்சள் பெட்டி எதையாவது காண நேர்ந்தால் சற்று நின்று பாருங்கள். மேல்வரிசையில் செந்நிற விசைகள் பத்து இருக்கின்றனவா? அப்படியானால் அது பி.பி.சி. மைக்ரோவாக இருக்கலாம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த அக்கார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட கணிப்பொறி இது. 6502 என்னும் நுண்செயலி, நொடிக்கு இருபது லட்சம் துடிப்புகள், 32 கிலோபைட் நினைவகம். இன்றைய கைப்பேசிப் புகைப்படம் ஒன்றுகூட அதில் அடங்காது! 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியபோது இதையே தேர்ந்தெடுத்தது. மாநில அரசுகள் வழியாக 12,000 கணிப்பொறிகள் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. மொகாலியிலிருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், அக்கார்னின் உரிமம் பெற்று 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதைத் தயாரித்தது. நம் நாட்டு மாணவர் பலரின் விரல்கள் முதன்முதலில் தொட்ட கணிப்பொறி இதுதான்.

வாங்கிய கையோடு மின்சாரம் கொடுத்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். மின்வழங்கிப் பெட்டிக்குள், வீட்டு மின்சாரத்தின் குறுக்கே இரைச்சலை வடிகட்டும் கண்டன்சர்கள் உண்டு. பிரிட்டிஷ் தயாரிப்புகளில் இவை பெரும்பாலும் காகிதத்தால் ஆனவை. மேலேயுள்ள பிசின் உறை ஆண்டுகள் செல்லச் செல்ல வெடிக்கும்; ஈரம் உட்புகும். ஏரிகள் சூழ்ந்த இப்பகுதியின் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்! மின்சாரம் பாய்ந்ததும் காகிதம் சூடாகி, கரும்புகையும் நாற்றமும் கிளம்பும். ஆகவே இணைப்பை அறவே நீக்கிவிட்டு, மின்வேலை அறிந்தவர் துணையோடு அவற்றை மாற்றிவிடுங்கள். பிறகு இயக்கும்போது தாழ்ந்த ஓர் ஒலியும் அடுத்து ஒரு 'பீப்'பும் கேட்டால் நல்ல சகுனம். தாழ்ந்த ஒலி நிற்காமல் தொடர்ந்தால் நுண்செயலி வேலை செய்யவில்லை என்று பொருள்.

ஆனால் என்னைக் கேட்டால், கண்டன்சரைவிட அவசரமானது வேறொன்று. கூடுதல் நிரல்களைத் தாங்கிச் செருகப்பட்ட சில்லுகள் சிலவற்றின் முதுகில் சிறு கண்ணாடிச் சன்னல் இருக்கும். உள்ளே, மின்கடத்தாப் படலத்தால் சூழப்பட்ட நுண்ணிய தீவுகளில் எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டிருக்கின்றன. எந்தத் தீவில் உண்டு, எதில் இல்லை என்பதே எழுதப்பட்ட செய்தி. புறஊதாக் கதிர் பட்டால் அவை ஆற்றல் பெற்றுத் தப்பிவிடும். வெயிலில் நெடுநாள் கிடந்தாலும் அழியும். எனவே சன்னல்மேல் ஒட்டியுள்ள தாளைப் பிய்க்காதீர்கள். இருளில் வைத்தாலும் எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியும். தயாரிப்பாளர்கள் அக்காலத்தில் உறுதியளித்தது ஏறத்தாழப் பத்தாண்டுகளே, நாற்பதாண்டு ஓடிவிட்டது. சில்லுகளைப் படிப்பான் கருவியில் பொருத்தி முதலில் படியெடுத்துவிட வேண்டும்.

கூடவே ஒலிநாடா கிடைத்தால் அதையும் எறியாதீர்கள். பூஜ்யத்துக்கு 1200 ஹெர்ட்ஸ் அலை ஒன்று, ஒன்றுக்கு 2400 ஹெர்ட்ஸ் அலை இரண்டு என்று, பாடங்கள் வெறும் சத்தமாகவே அதில் பதிந்திருக்கும். டேப்ரெக்கார்டரில் ஓடவிட்டு இன்றைய கணிப்பொறியில் ஒலியாகப் பதிந்துகொண்டால், பிரித்தெடுப்பதை ஒரு நிரல் பார்த்துக்கொள்ளும்.